ஒரே ஆள் எல்லாவற்றையும் அள்ளினால்: டி அன்ட் டி மேசைக்கு ஒரு வழிமுறை

புதையல் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கதையை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) இன்னும் சொல்லி முடித்திருக்கமாட்டார், அதற்குள் "நான் எடுத்தாச்சு" என்று ஒரு குரல் வரும். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகி, மேசையைச் சுற்றி இருந்து டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டுத்தான் டி அன்ட் டி (டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்). அப்படி ஒருவர் அநேகமாக அதன் எல்லாக் குழுக்களிலும் இருப்பார். மற்றவர்களின் பாத்திரங்கள் தூங்கும்போது அவர்களின் பையைத் துழாவுவார். கடைக்காரனோடு முக்கால் மணித்தியாலம் பேரம் பேசுவார். கேட்டால் "என்ர கரக்டர் அப்பிடித்தான்" என்பார். யாழ்ப்பாணத்தில் இதோடு இன்னொரு சிக்கலும் சேரும். அந்த ஆள் ஒரே ரியூசன் வகுப்பாக, ஒரே ஒழுங்கையாக, அல்லது சொந்த மச்சானாக இருப்பார். "இனி வராதை" என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் சந்தியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடியாது. இந்த விளையாட்டுக்கு வேறொரு ஆளைத் தேடிப் பிடிப்பதும் லேசில்லை. ஆளை வெட்டுவதற்கு முன் செய்யக்கூடியவை நிறைய உண்டு. அவற்றில் பெரும்பகுதிக்குக் கொப்பியும் பேனையும் போதும், ஏனென்றால் எது யாருக்கு என்று எழுதி வைக்காத மேசையில்தான் இந்தப் பழக்கம் வளர்கிறது.

கீழே வரும் விதிகளும் எண்களும் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பினுடையவை. அதன் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புத்தகம் வாங்கவில்லை, விதி தெரியாது என்று ஒருவரும் சாட்டுச் சொல்லத் தேவையில்லை.

எதற்காக அள்ளுகிறார்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் டி அன்ட் டியில் ஒரு பொற்காசுப் பெறுமதியான புதையலுக்கு ஓர் அனுபவப் புள்ளி. அந்த ஆட்டத்தில் காசு சேர்ப்பதே லெவல் ஏறும் வழியாக இருந்தது. ஐந்தாம் பதிப்பில் எதிரிகளை வென்றால் புள்ளி, அல்லது கதையின் ஒரு கட்டத்தைத் தாண்டியதும் எல்லோருக்கும் சேர்த்து லெவல். பையில் எவ்வளவு காசு இருந்தாலும் லெவல் அசையாது. இதைச் சிலருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். போனிலும் கம்பியூட்டரிலும் விளையாடிய பழக்கத்தில், முதலில் தொட்டவருக்கே சாமான் என்று நினைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். இவர்களுக்கு ஐந்து நிமிட விளக்கம் போதும்.

வேறு சிலருக்குப் பின்தங்கிவிடுவோம் என்ற பயம். ஆரம்பத்தில் ஒன்றும் கிடைக்காமல் போனவர், சண்டைக்குச் சண்டை விழுந்து கிடந்தவர் இப்படி ஆவதுண்டு. கணக்கு நேராக ஓடுவதைக் கண்டால் இவர் தானாக ஓய்ந்துவிடுவார். இன்னும் சிலருக்கு எடுப்பதிலேயே ருசி. மற்றவரின் முகம் சுருங்குவதைப் பார்ப்பதற்காகவே எடுப்பார்கள். வெளியே பார்த்தால் மூன்று வகையும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆகவே ஆளைப் பற்றி முடிவெடுக்காமல், அடுத்த பகுதியில் வரும் கொப்பி முறையை இரண்டு செஷன் நடத்திப் பாருங்கள். முதல் இரண்டு வகையினரும் அதற்குள் அமைதியாகிவிடுவார்கள். மூன்றாவது வகை கொப்பியையே சுற்றிப்போக வழி தேடும்.

டிஎம்மின் பிழையையும் இங்கே சொல்லவேண்டும். டிஎம்முக்கான 2014 வழிகாட்டி நூலின் கணக்குப்படி, லெவல் 1 முதல் 4 வரை போகும் குழுவுக்கு ஏறக்குறைய 7 பெரிய புதையல்கள் கிடைக்கவேண்டும். 5 முதல் 10 வரை 18. லெவல் 3 முடியும்வரை ஒரே ஒரு பெட்டியைத்தான் காட்டினால், அந்தப் பெட்டியில் நாலு பேரும் பாய்வார்கள். முந்திக் கத்தியவருக்கே சாமானைக் கொடுத்துப் பழக்கிய டிஎம்மும் அதன் பலனைத்தான் அனுபவிக்கிறார்.

பெட்டி திறக்கும் ஒழுங்கு

ஒரு சீ.ஆர் கொப்பி வாங்கி ஐந்து நிரல் கீறுங்கள்: திகதி, சாமான், கிடைத்த இடம், பெறுமதி, இப்போது யாரிடம். எழுதும் ஆள் செஷனுக்குச் செஷன் மாறவேண்டும். டிஎம் எழுதக்கூடாது, அவருக்கு வேறு வேலை இருக்கிறது.

பெட்டி வந்ததும் டிஎம் முதலில் கேட்கவேண்டியது, "ஆர் திறக்கிறது? ஆர் ஆர் பக்கத்தில நிக்கிறியள்?" பதில் வந்த பிறகுதான் உள்ளே இருப்பதைச் சொல்லவேண்டும். சொல்லும்போது முழுப் பட்டியலையும் ஒரே மூச்சில் வாசிக்கவேண்டும். பாதியில் "அந்த வாளை நான்..." என்று யாராவது தொடங்கினால் நிறுத்தி, பட்டியலை மறுபடி முதலிலிருந்து வாசியுங்கள். இரண்டு தரம் அப்படிச் செய்தால் இடைமறிப்பு நின்றுவிடும். வாசித்து முடிந்ததும் எல்லாம் கொப்பிக்குப் போகும். செஷன் முடிவில் 15 நிமிடம் ஒதுக்கிப் பிரிக்கும்வரை ஒருவரின் பாத்திரத் தாளிலும் ஒன்றும் ஏறாது.

விதிவிலக்கு ஒன்றுதான்: குணமாக்கும் மருந்துக் குப்பி. 50 பொற்காசுப் பெறுமதியான அந்தக் குப்பி 2டி4+2 (நாலு முக டைஸ் இரண்டின் கூட்டுத்தொகையோடு 2), அதாவது சராசரியாக 7 உயிர்ப்புள்ளி தரும். அதைச் சண்டையில் முன்னுக்கு நிற்பவரிடம் அந்த இடத்திலேயே கொடுத்துவிடலாம். ஆனால் கொப்பியில் எழுதிவிட்டுக் கொடுங்கள்.

"நான் இரகசியமா ஒரு மோதிரத்தைப் பொக்கற்றில வைக்கிறன்" என்று டிஎம்முக்குத் துண்டு எழுதி நீட்டும் ஆளை என்ன செய்வது? மோதிரம் மற்றப் பாத்திரங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மேசையில் இருக்கும் ஆட்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது. துண்டை வாங்கிச் சத்தமாக வாசித்து, "சரி, எடுத்தாச்சு, கொப்பியில போடுங்கோ" என்று சொல்லுங்கள். அவர் தன் பாத்திரத்தைக் கள்ளனாக நடிக்க விரும்பினால் இதில் ஒரு நட்டமும் இல்லை. ஆட்டம் இன்னும் ருசிக்கும், ஏனென்றால் மற்ற மூவரும் தெரிந்துகொண்டே ஏமாறுவதை நடிக்கலாம். உண்மையாகவே கூட்டாளிகளை ஏமாற்ற விரும்பியவர் மட்டும் முகம் கோணுவார். அதுவும் உங்களுக்கு வேண்டிய தகவல்தான்.

காசை மறைப்பது கணக்கிலேயே நடக்காத காரியம். ஆரம்ப லெவல்களுக்கான பெரிய புதையல் அட்டவணையில் சராசரியாக 2100 செப்புக்காசு, 1050 வெள்ளிக்காசு, 70 பொற்காசு வரும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 196 பொற்காசுப் பெறுமதி. ஆனால் 50 காசு ஒரு இறாத்தல் என்பது விதி. 3220 காசும் 64 இறாத்தலுக்கு மேல், ஏறக்குறைய 29 கிலோ. உடல்பலம் 8 உள்ள ரோக் (கள்ளன் வகைப் பாத்திரம்) ஒருவர் சுமக்கக்கூடிய முழுப் பாரமே 120 இறாத்தல். மற்றவர்கள் அடுத்த அறையில் நிற்க அவ்வளவு சில்லறையைச் சத்தமில்லாமல் பைக்குள் கொட்டினார் என்று டிஎம் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. சுமை விதியைப் பல குழுக்கள் அலுப்பில் கைவிட்டுவிடுகின்றன. அள்ளும் ஆள் இருக்கும் மேசையில் அதைத் திரும்ப எடுங்கள்.

பங்குக் கணக்கு

நாலு ஆட்டக்காரர் என்றால் காசை ஐந்தாகப் பிரியுங்கள். ஐந்தாவது பங்கு பொதுப்பெட்டிக்கு. பொதுப்பெட்டி எதற்கென்று முதலே எழுதி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அதையும் ஒருவர் கைமாற்றாகக் கேட்பார். முதல் இலக்கு ஆளுக்கொரு மருந்துக் குப்பி, மொத்தம் 200 பொற்காசு. இரண்டாவது இலக்கு 300 பொற்காசுப் பெறுமதியான வைரம். லெவல் 5 வந்த கிளெரிக் (பூசாரி வகைப் பாத்திரம்) ஒருவர், இறந்து ஒரு நிமிடத்துக்குள் ஒருவரை எழுப்ப அந்த வைரம் வேண்டும், எழுப்பியதும் அது அழிந்துபோகும். பொதுப்பெட்டிக்குக் காசு போடச் சிணுங்குபவருக்கு இந்த ஒரு வரியை வாசித்துக் காட்டினால் போதும்.

மந்திரச் சாமான்தான் சண்டைக்கு மூலகாரணம். "யாருக்கு அதிகம் பயன்படும்" என்று பொதுவாகக் கதைத்து முடிவெடுக்கலாம் என்பார்கள். மேசையில் வாய் பெரிய ஆள் இல்லாவிட்டால் அது சரிவரும். இருந்தால் ஏலம் விடுங்கள். ஏலச்சீட்டுப் பிடித்த ஊருக்கு முறையை நீட்டி விளக்கத் தேவையில்லை: கழிவைக் கூடக் கேட்டவருக்குச் சீட்டு, அந்தக் கழிவு மற்றவர்களுக்குப் பங்கு. இங்கேயும் அதேதான்.

ஒரு செஷனில் 600 பொற்காசும் ஒரு பாதுகாப்பு மேலங்கியும் கிடைத்தன என்று வையுங்கள். காசு ஐந்து பங்கு, பங்குக்கு 120. மேலங்கிக்கு நாலு பேரும் ஒரே நேரத்தில் துண்டில் விலை எழுதி மடித்து வைக்கிறார்கள். ஒருவர் 90, ஒருவர் 60, ஒருவர் 20, ஒருவர் சுழியம். 90 எழுதியவருக்கு மேலங்கி. அவருடைய 90 மற்ற மூவருக்கும் தலா 30. கடைசியில் அவரிடம் மேலங்கியும் 30 காசும், மற்ற மூவரிடமும் 150 காசு. பேராசைக்காரர் எல்லாவற்றையும் வாங்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவர் வாங்க வாங்க மற்றவர்களின் கை நிறையும். மூன்று புதையலுக்குள் அவருடைய காசு தீர்ந்து, அடுத்த சாமான் இன்னொருவருக்குப் போகும்.

ஏலம் பிழைக்கும் இடங்கள் மூன்று. கடனுக்கு ஏலம் கேட்க விட்டால் முறை முழுதும் கெட்டுவிடும், கொப்பியில் தன் பெயரில் இருக்கும் காசுக்கு மேல் ஒருவரும் எழுதக்கூடாது. இரண்டாவது, அள்ளுபவரின் விலையை ஏற்றிவிட வேண்டுமென்றே கூடிய விலை எழுதுவார்கள். எழுதியவரிடமே சாமான் சிக்கினால் அவர் எடுத்துக் காசையும் கட்டவேண்டும், "பகிடிக்கு எழுதினனான்" என்ற கதையை ஏற்காதீர்கள். மூன்றாவது, ஒருவருக்கு மட்டுமே பயன்படும் சாமான். விசார்டுக்கான (மந்திரவாதிக்கான) மந்திரச் சுருளை ஃபைட்டர் (போர்வீரன்) ஏலத்தில் எடுத்துப் பிறகு இரட்டை விலைக்கு விற்கப் பார்ப்பார். அப்படியான சாமானை ஏலத்துக்கு வெளியே வைத்து, பயன்படுத்தக்கூடிய ஆளுக்குக் கொடுத்து, அடுத்த ஏலத்தில் அவரைத் தவிர்த்துவிடுங்கள். சம விலை வந்தால் 20 முக டைஸ்.

ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று சாமானுக்கு மேல் அட்யூன் (மந்திரச் சாமானைத் தன்னோடு பிணைத்து அதன் சக்தியைப் பெறுவது) செய்யமுடியாது என்ற விதி உங்களுக்குத் துணை. பாதுகாப்பு மேலங்கி அட்யூன் கேட்கும் சாமான். ஏற்கெனவே மூன்றை வைத்திருப்பவர் நாலாவதற்கு விலை எழுதவேண்டுமானால், ஒன்றை முதலில் ஏலத்துக்குத் திருப்பித் தரட்டும். ஆனால் +1 வாள், அடி காணாத பை போன்றவை அட்யூன் கேட்காதவை. அள்ளுபவர்கள் இதை எல்லோருக்கும் முதல் படித்து வைத்திருப்பார்கள், ஆகவே அவற்றையும் ஏலத்தில் போடுங்கள்.

கிடைத்த சாமானை ஊருக்குள் போய் விற்றுக் காசாக்கும் ஆளுக்கு நம்முடைய தேசவழமையிலேயே விதி இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட அந்தச் சட்டப்படி, பங்காளியாக இருப்பவர் தன் காணிப்பங்கைப் பிறத்தியாருக்கு விற்கமுன்னம் மற்றப் பங்காளிகளுக்கு அறிவித்து, வாங்கும் முதலுரிமையைக் கொடுக்கவேண்டும். அதை அப்படியே மேசைக்கு எடுங்கள்: குழுவோடு கிடைத்த மந்திரச் சாமானை விற்பதானால் முதலில் குழுவிடம் கேட்கவேண்டும், ஏலத்தில் எடுத்த விலைக்கே. சாதாரண ஆயுதமும் கவசமும் என்றால் கடையில் பாதி விலைதான் தருவார்கள், குழுவுக்கும் பாதி விலை. இரத்தினக்கல்லும் நகையும் முழு விலைக்குப் போகும், அவற்றைப் பிரிக்கும்போது காசாகவே எண்ணிவிடுங்கள்.

கூட்டாளியின் பையில் கை வைத்தால்

ரோக் விளையாடுபவர் "பலடின் நித்திரை, அவன்ர பையில கை வைக்கிறன்" என்கிறார் (பலடின் குழுவில் இன்னொருவரின் பாத்திரம், சத்தியம் பூண்ட போர்வீரன்), டைஸையும் உருட்டிவிட்டார். பெரும்பாலான டிஎம்கள் இங்கே விதிப்புத்தகத்தைப் புரட்டுவார்கள். புரட்டினால் கள்ளனுக்குத்தான் சாதகம். லெவல் 1இலேயே கைவேகம் 16, கைச்சாதுரியத்தில் இரட்டைத் தேர்ச்சி என்றால் உருட்டும் எண்ணோடு அவருக்கு +7. விழித்திருக்கும் கூட்டாளியின் கவனிப்பு எண் 13 என்றால் கூட 20 முக டைஸில் 6க்கு மேலே, அல்லது 6 விழுந்தாலே போதும், நூற்றுக்கு 75 வாய்ப்பு. ஐந்து தரம் முயன்றால் ஒரு தரமாவது பிடிபட நூற்றுக்கு 76. ஆகக் களவும் நடக்கும், பிடிபடுவதும் நடக்கும், பிடிபட்ட அன்று பலடின் வாளை உருவுவார், பிறகு மூன்று மணித்தியாலக் கதை அந்த இரண்டு பேரின் சண்டையாகப் போய்விடும். பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற இருவரும் போனை எடுப்பார்கள்.

டைஸுக்குப் போகாமலே இதை முடிக்கும் விதி ஒன்று உண்டு. ஒரு பாத்திரம் இன்னொரு ஆட்டக்காரரின் பாத்திரத்துக்கு எதிராக எதைச் செய்தாலும், முடிவைச் சொல்பவர் பாதிக்கப்படும் ஆட்டக்காரர். டிஎம் பலடினைப் பார்த்துக் கேட்கவேண்டும்: "அவர் எடுக்கப் பார்க்கிறார். எடுத்தாரோ இல்லையோ?" "எடுத்தார், நான் காலமைதான் கண்டன்" என்று பலடின் சொன்னால் அது இருவரும் சேர்ந்து செய்யும் நாடகம், நல்லது. "இல்லை, கையைப் பிடிச்சிட்டன்" என்றால் அத்தோடு முடிந்தது, உருட்டிய டைஸ் எண்ணப்படாது. இந்த விதி வந்த மேசையில் களவு பெரும்பாலும் ஒரே செஷனில் நின்றுவிடும், ஏனென்றால் எடுக்கும் அதிகாரம் எடுப்பவரிடம் இல்லை. விதியைச் சண்டை நடக்கும்போது அறிவிக்காதீர்கள், அது குறிப்பிட்ட ஆளைக் குறிவைத்த மாதிரி இருக்கும். செஷன் தொடங்கமுன்னம் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

ஆட்டத்துக்குள்ளேயே தண்டிப்பது

டிஎம்முக்குக் கோபம் வந்தால் முதலில் தோன்றுவது இதுதான்: சாபமிட்ட மோதிரம் ஒன்றை அவர் கையில் சிக்கவைப்பது, காவலரை விட்டுப் பிடிப்பது, ஊர்க் கள்ளர் கூட்டத்தை ஏவுவது. இது அநேகமாகப் பிழைக்கும். காவலர் பிடித்தால் விசாரணை, சிறை, தப்பி ஓடுதல் என்று அடுத்த செஷன் முழுதும் அவரைச் சுற்றியே ஓடும். மேசையின் கவனத்தை விரும்பி அள்ளிய ஆளுக்கு அதைவிடப் பரிசு வேறில்லை. மற்ற மூவரும் அவருடைய வழக்குக்குச் சாட்சிக்காரர் ஆகிவிடுவார்கள். சாபமோதிரத்தை டிஎம் தனக்கு வைத்த பொறி என்று விளங்கிக்கொண்டால், அவர் டிஎம்மோடேயே போட்டிக்கு இறங்குவார்.

ஆட்டத்துக்குள் செய்யக்கூடிய நல்ல வேலை, பையில் போடமுடியாத புதையலைக் கொடுப்பது. யாழ்ப்பாண அரசுக் காலத்தில், 1619இல் போர்த்துக்கேயர் கைப்பற்றுவதற்கு முந்திய நல்லூரில் கதையை வைத்திருக்கும் குழுவுக்கு இது மிக லேசு. அந்த அரசு யானை வியாபாரம் செய்த அரசு. பாகனோடு ஒரு யானையைப் பரிசாகக் கொடுங்கள். தீனி போட ஒருவர், வழிநடத்த ஒருவர், துறைமுகம்வரை காவலுக்கு இருவர் வேண்டும், தனியாக விற்கவும் முடியாது. ஒரு பாய்க்கப்பல், சங்கு குளிக்கும் உரிமை, நாலு பெயரும் எழுதின காணி உறுதி, எல்லாம் இதே வேலையைச் செய்யும். சில்லறைக்கு "சேது" என்று பொறித்த ஆரியச் சக்கரவர்த்திகளின் காசைக் கொடுத்தால் பொற்காசு என்ற சொல்லின் மயக்கமும் கொஞ்சம் குறையும்.

அள்ளும் ஆளையே கணக்கப்பிள்ளை ஆக்கலாமா என்று கேட்பார்கள். பயத்தில் அள்ளுபவராக இருந்தால் ஆக்கலாம், அவருக்கு அது பெரிய ஆறுதல். ருசிக்கு அள்ளுபவரிடம் கொப்பியைக் கொடுக்கவேண்டாம். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் அவர் எழுத, இன்னொருவர் செஷன் முடிவில் சத்தமாக வாசிக்கவேண்டும்.

நேரமும் டைஸும்

போயா விடுமுறையில் பின்னேரம் 2 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடியும் செஷனில் 240 நிமிடம். டிஎம்மின் பேச்சும் சண்டைக் கணக்கும் பாதியைத் தின்றால் மிச்சம் 120, ஆளுக்கு 30. கடையில் 45 நிமிடம் பேரம் பேசியவர் தன் பங்கையும் இன்னொருவரின் பாதியையும் சாப்பிட்டுவிட்டார். கடை வேலையை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்: விலைப்பட்டியலைச் செஷனுக்கு இரண்டு நாள் முன்னம் வட்ஸப்பில் போட்டு, அங்கேயே வாங்கி விற்று முடிக்கட்டும். பேரத்துக்கு ஒரே ஒரு டைஸ், வென்றால் பத்து வீதக் கழிவு. மற்றவரின் முறையில் குறுக்கே பேசுபவருக்கு டிஎம் அவரைப் பார்க்காமல், முறை யாருடையதோ அவரின் பெயரைச் சொல்லித் திரும்பவும் கேட்பதே போதும்.

டைஸ் அளாப்பலுக்கு மேசை நடுவில் துணி விரித்த தட்டம் ஒன்று. எல்லோரும் அதற்குள்தான் உருட்டவேண்டும், என்ன செய்யப்போகிறேன் என்று சொன்ன பிறகுதான் உருட்டவேண்டும். சரிந்து நின்றால் மறுபடி, தட்டத்துக்கு வெளியே விழுந்தாலும் மறுபடி. யாரையும் அளாப்பி என்று சொல்லாமலே விஷயம் முடிந்துவிடும்.

தனியாகக் கதைப்பது

இவ்வளவும் செய்தும் நிற்காவிட்டால் ஆளோடு கதைக்கவேண்டும். கதைப்பவர் டிஎம், அல்லது அவரோடு மிக நெருங்கியவர், ஒரே ஒருவர். மூன்று பேர் சேர்ந்து போனால் அது விசாரணை. செஷன் முடிந்த சூட்டில் வேண்டாம், இரண்டு மூன்று நாள் கழித்து, அடுத்த செஷனுக்கு முன்னம். வட்ஸப்பில் எழுதவே வேண்டாம், அது படமெடுக்கப்பட்டு ஊரெல்லாம் போகும். ஆள்விட்டுச் சொல்வதும் வேண்டாம். அவருடைய வீட்டு விறாந்தையும் கூடாது. அம்மா காதில் விழுந்தால் விளையாட்டே நின்றுவிடும். சைக்கிளில் சேர்ந்து போகும்போது, அல்லது ஒரு பிளேன்ரீ குடிக்கும் நேரத்தில் பத்து நிமிடம் போதும்.

நடந்தது, அதனால் வந்தது, இனி வேண்டியது. இந்த மூன்றையும் சொல்லுங்கள். "ஆசை பிடிச்சவன்", "களவெடுக்கிறாய்" என்ற சொற்கள் வந்தால் அதோடு பேச்சு முறியும். ஒத்த வயதுக் கூட்டாளிக்கு இப்படி: "மச்சான், போன கிழமை அந்த வாளை நீ எடுத்த பிறகு மற்ற மூண்டு பேரும் அரை மணித்தியாலம் வாய் திறக்கேல்லை. எனக்கும் நடத்த மனம் வரேல்லை. இனி எல்லாம் கொப்பிக்குப் போய்த்தான் பிரியும். உனக்கு ஓமோ?"

வயதில் மூத்தவராக இருந்தால் இதே வசனம் அவமரியாதையாகக் கேட்கும். அவருடைய மூப்பையே வேலைக்கு எடுங்கள்: "அண்ணை, உங்களோட விளையாட எல்லாருக்கும் விருப்பம். ஆனா சாமான் பிரிக்கேக்க சின்னாக்கள் உங்களுக்கு முன்னால வாய் திறக்கிறேல்லை. நீங்கள் கடைசியாக் கேளுங்கோ, அப்ப அவை கதைப்பினம்." பெரும்பாலான அண்ணைமார் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்கள், பெருந்தன்மையைக் காட்ட ஓர் இடம் கிடைத்துவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களும், பொடியன்கள் நிறைந்த மேசையில் தனியாக இருக்கும் பெண்பிள்ளையும் பறிகொடுத்தாலும் வாய் திறக்காமல் இருப்பார்கள். அவர்கள் முறையிடும்வரை காத்திராமல், பிரிக்கும்போது டிஎம் முதலில் அவர்களைக் கேட்கவேண்டும்.

வரக்கூடிய பதில்கள் மூன்று. "என்ர கரக்டர் அப்பிடித்தான்" என்றால்: "அந்தக் கரக்டரை எழுதினது நீதானே. இவையோட மட்டும் ஏன் நேர்மையா இருக்கிறான் எண்டு ஒரு காரணத்தையும் எழுது." சத்தியம் செய்துகொடுத்த கள்ளன், ஒரு காலத்தில் இவர்களால் உயிர் தப்பியவன் என்று காரணத்துக்குப் பஞ்சமில்லை. "எல்லாரும் எடுக்கலாம்தானே" என்றால்: "எடுக்கலாம், ஆனா அவை விளையாட வந்தது அதுக்கில்லை." "சும்மா விளையாட்டுத்தானே, ஏன் இப்பிடி எடுக்கிறாய்" என்பவரோடு வாதாடாதீர்கள். "ஓம், விளையாட்டுத்தான், அதுதான் எல்லாருக்கும் விளையாட்டா இருக்கோணும்" என்று சொல்லிவிட்டுக் கொப்பி விதியைத் திரும்பவும் கேளுங்கள்: ஓமோ இல்லையோ. ஓம் என்ற சொல்லை வாயால் வாங்காமல் எழும்பவேண்டாம்.

நிறுத்தவேண்டி வந்தால்

ஓம் என்று சொன்ன பிறகு இரண்டு செஷன் பாருங்கள். அதற்குள் திரும்பவும் நடந்தால் மூன்றாவது செஷனுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். நேரம் மாறிவிட்டது, டிஎம்முக்குச் சோதனை இருக்கிறது என்று சாட்டுச் சொல்லி, ஆளை விட்டுவிட்டுக் களவாகக் கூடுவது நம்மிடம் அதிகம் நடக்கும் பிழை. ஊர் சின்னது, ஒரு கிழமைக்குள் அவருக்குத் தெரியவரும், பிறகு விளையாட்டும் நட்பும் சேர்ந்து போகும். நேராகச் சொல்லுங்கள்: "இந்த விளையாட்டுக்கு மட்டும் நீ வேண்டாம் மச்சான். கிரிக்கெட்டுக்கு வழமை போல வா." அந்தக் கிழமையே கிரிக்கெட்டுக்குக் கூப்பிடவும் வேண்டும்.

அவர் வீட்டில்தான் விளையாடுகிறீர்கள் என்றால் ஆளை நிறுத்தமுன்னம் இடத்தை மாற்றுங்கள். வீடுகளைச் சுற்றுமுறையில் வைக்க இரண்டு செஷன் முன்கூட்டியே தொடங்கினால் சண்டையும் இடமும் ஒன்றாகக் குழம்பாது. கூட்டுக் காசில் வாங்கிய டைஸ், வரைபடத்தாள், பொம்மை எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து அவருடைய பங்கைக் காசாகவே கொடுத்துவிடுங்கள். அவர் கேட்கமுன்னம் கொடுக்கவேண்டும்.

அவருடைய பாத்திரத்தைக் கொல்லவேண்டாம். கப்பலேறிப் போய்விட்டது என்று ஒரு வரியில் முடியுங்கள். பாத்திரத்தின் காசு அதோடேயே போகட்டும். குழுவோடு கிடைத்த மந்திரச் சாமான்களைப் பொதுப்பெட்டிக் காசால் குழு வாங்கிக்கொள்ளட்டும், ஏலத்தில் போன விலைக்கே, கொப்பியில் இருக்கிறபடி. சில மாதம் கழித்துத் திரும்பி வரக் கேட்டால் புதுப் பாத்திரம், மற்றவர்களின் லெவலிலேயே, அன்றிலிருந்து முழுப் பங்கு. பழைய சாமானுக்கு உரித்துக் கோர இடமில்லை. முதல் செஷனில் கொப்பி எழுதும் முறை அவருடையது, வாசிக்கும் முறை இன்னொருவருடையது.